ஒன்பதாம் கேள்வி

தொங்யோங்
மார்ச் 24, 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கால் விரல்கள் பத்தும் பத்திரமா? உன் முகாம் இருக்கும் யாங்கு மலையில் இன்னும் பனி என்று தொலைக்காட்சியில் சொன்னதிலிருந்து அம்மா சிப்பி உரிக்கும் இடத்தில் எல்லோரிடமும் உன் காலைப் பற்றியே பேசுகிறாளாம். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அப்பா வழக்கம்போலக் கப்பல் பட்டறையிலிருந்து சனிக்கிழமை வருகிறார், ஞாயிறு முழுக்கத் தூங்குகிறார், போகிறார்.

உயர்நிலைப் பள்ளி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. எனக்கு என்ன நோய் என்று வகுப்பு ஆசிரியர் கேட்டார். லூபஸ் என்றேன், புரியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்: "உடம்போட காவல்படை என் உடம்பையே எதிரின்னு நெனச்சுச் சுடுது சார்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க அண்ணன் பட்டாளத்துலதானே இருக்கான், அவனை விட்டுச் சொல்லச் சொல்லேன்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெயில் ஆகாது என்பதால் விளையாட்டு வகுப்பில் நிழலில் உட்கார்ந்து புள்ளி எழுதுகிறேன். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் இன்னும் உப்பித்தான் இருக்கிறது. நெத்திலி என்று நீ கூப்பிட்டவளுக்கு இங்கே ஆவியில் வெந்து உப்பிய பன் என்று பெயர். பொருத்தமாகத்தான் இருக்கிறது. மற்றபடி எல்லாம் நன்றாகப் போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
நாரே


யாங்கு
ஏப்ரல் 9, 2013

அன்பு நெத்திலிக்கு,

விரல்கள் பத்தும் இருக்கின்றன, காலையில்தான் எண்ணினேன். உன் மூட்டு வலி எப்படி? காலையில் விரல் மடங்குகிறதா? அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

இங்கே ஏப்ரலிலும் பனி அள்ளுகிறோம். அள்ளிய இடத்தில் மறுபடி விழுகிறது. எங்கள் மூத்த சிப்பாய் ஒருவன், "வானத்துலேர்ந்து விழற குப்பைடா இது" என்று வைதுகொண்டே அள்ளுவான். அங்கே கொடுக்கும் சாக்கோ பை கேக் ஒன்றுக்காக ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போகிறேன், தேவாலயத்துக்கும் போகிறேன். இரண்டு கடவுளுக்கும் என் முகம் பழகிவிட்டது.

உனக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்தவள் யார் என்று எழுது. விடுப்பில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க மாட்டேன். தினமும் போகிறாயே, அதை நினைத்துத்தான் இங்கே மலையேறுகிறேன்.

மாத்திரை தவறாமல் சாப்பிடு.

அண்ணன்
தோக்யோம்


தொங்யோங்
மே 26, 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, பரீட்சை. இங்கே எல்லோரும் நலம்.

ஒரு நல்ல செய்தி. முகம் வற்றிவிட்டது. கன்னத்தில் எலும்பு தெரிகிறது. முடியைத் தூக்கிக் கட்டினால் பழைய நான்தான். பன் என்று கூப்பிட்டவளே நேற்று, "எப்படிக் கொறைச்சே, எனக்கும் சொல்லேன்" என்று கேட்டாள். இந்த உறையில் படம் வைத்திருக்கிறேன்.

மேலே கறுப்பாக அடித்திருக்கும் இரண்டு வரிகளைப் படிக்க முயலாதே. எழுத்துப் பிழை.

நாரே


யாங்கு
ஜூன் 12, 2013

அன்பு நெத்திலிக்கு,

இனி இந்தப் பெயர் மறுபடி பொருந்தும். படத்தை என் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சியா? நம்பவே முடியல" என்றான். உனக்குப் பாராட்டா எனக்குத் திட்டா என்று தெரியவில்லை.

மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று தெரிகிறது. டாக்டர் அளவைக் குறைத்துவிட்டாரா? எப்படியோ, ரொம்பச் சந்தோஷம். இப்படியே இருந்துவிடு.

அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என்ன எழுதினாய்?

அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
தோக்யோம்


ஜின்ஜு
ஜூலை 21, 2013

அன்பு மகன் தோக்யோமுக்கு அம்மா எழுதுவது,

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? மலையில் கொசு அதிகமாமே. நாங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறோம்.

நாரேவுக்குக் கோடைச் சளி. அதனால்தான் எழுதவில்லை. இரண்டு மூன்று வாரம் ஜின்ஜுவில் பெரிய மருத்துவமனையில் இருந்து ஓய்வெடுத்தால் நல்லது என்றார்கள், இருக்கிறோம். கவலைப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. நெத்திலி காயவைக்கும் வேலைக்கு நான் இந்த மாதம் போகவில்லை, முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நீ அவளுக்கு எழுதிய கடிதங்களை மருத்துவமனைக்கும் கொண்டுவந்திருக்கிறாள். ஜூன் மாதக் கடிதத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பு பத்திரம்.

அம்மா


யாங்கு
ஆகஸ்ட் 4, 2013

அன்பு நாரேவுக்கு,

சளி எப்படி இருக்கிறது?

மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். முதல் முறை அம்மா, "ஊசி போட்டுட்டு இருக்காங்கப்பா" என்றாள். இரண்டாம் முறை அப்பா, "தூங்கறா" என்றார். பகல் பதினொரு மணி. அதுவும் வேலைநாள். வேலைநாளில் அப்பா ஏன் ஜின்ஜுவில் இருந்தார் என்று கேட்க நினைத்தேன், பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் முறை யாரும் எடுக்கவில்லை.

சளிக்கு யாரும் மூன்று வாரம் படுப்பதில்லை என்று எனக்கும் தெரியும். எழுத முடியாவிட்டால் வெறும் தாளையாவது மடித்து அனுப்பு. உறைமேல் உன் கையெழுத்து இருந்தால் போதும்.

அண்ணன்


தொங்யோங்
செப்டம்பர் 15, 2013

அண்ணா,

நலம் என்று இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. ஜூலை முழுக்க நலமாக இல்லை. அதற்கு முன்பே இல்லை. இப்போது பரவாயில்லை.

முகம் தானாக வற்றவில்லை. ஏப்ரல் நடுவில் மாத்திரையை நிறுத்தினேன். அம்மா முன்னால் வாயில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடக் கழிப்பறையில் துப்பினேன். மே மாதம் நான் அடித்த வரிகளில் இருந்தது அதுதான். உனக்குச் சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவாய் என்று பயந்து அடித்தேன். ஜூனில் நீ சந்தோஷப்பட்டு எழுதினாய். உன்மேல் கோபமில்லை. உனக்குத் தெரியாது. ஆனால் அதைப் படித்த அன்று, உப்பாத முகம்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது, அண்ணனுக்கும்தான் என்று நினைத்தேன்.

ஜூலையில் கால் வீங்கியது. சிறுநீரில் நுரை. அந்தக் காவல்படை என் சிறுநீரகத்துக்குள் போய்விட்டது. இருபத்துநான்கு நாள் படுத்திருந்தேன்.

அங்கே பியொன் என்று ஒருவர். முன்பு அதே வார்டில் நர்ஸ், இப்போது எங்களைப் போல நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் மனசைப் பார்ப்பதுதான் அவர் வேலை. டீச்சர் என்று கூப்பிடுவோம். எப்போதும் காய்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மென்றுகொண்டிருப்பார், பேனாவைத் தொலைத்துவிட்டு என்னுடையதைக் கேட்பார். முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார். ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, இந்த மாதிரி. அம்மா பக்கத்தில் இருந்தாள். ஒன்பதுக்கும் 'ஒருநாளும் இல்லை' என்று குறித்தேன். டீச்சர் பார்த்தார்.

"அம்மா, கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன். மெதுவா வாங்க" என்றார். அம்மா போனதும் இன்னொரு தாளை எடுத்தார். "அது அம்மாவுக்கு. இது எனக்கு."

நான் எழுதவில்லை. அவர் எதுவும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போனது. அண்ணா, ஒரு பெரியவர் ஏழு நிமிடம் அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு குறித்தேன். ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. 'பல நாட்கள்' என்று குறித்தேன்.

அவர் முகம் மாறவில்லை. "இதைச் சொன்னதுக்கு நன்றி நாரே. ரொம்ப நாளாத் தனியாத் தூக்கிட்டு வந்திருக்கே" என்றார். அப்புறம்தான் அழுதேன். அம்மா காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் நான் அழுகிறேன், டீச்சர் என் பேனாவால் என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்த நோய் மூளையையும் தொடும், மாத்திரையும் மனசை ஆட்டும், எல்லாம் என் கோழைத்தனம் இல்லை என்று அவர்தான் சொன்னார். மனசுக்கு ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை பஸ்ஸில் ஜின்ஜு போய் அவரோடு பேசுகிறேன். முகம் மறுபடி உப்பிவிட்டது. கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் விழுங்குகிறேன்.

அம்மாவைத் திட்டாதே. சளி என்று எழுதச் சொன்னது நான்தான். இப்போது எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்? நிஜமாகக் கேட்கிறேன்.

நாரே


யாங்கு
அக்டோபர் 6, 2013

அன்பு நாரேவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன். ஜூனில் அப்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் நான்கு டிகிரி. இலையெல்லாம் கொட்டிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். இந்த மாத விடுப்பை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்தேன், அவன் வீட்டில் கல்யாணம். மழை இல்லை. சாப்பாடு பரவாயில்லை.

மாத்திரையை நிறுத்தாதே.

அண்ணன்


தொங்யோங்
அக்டோபர் 20, 2013

அண்ணா,

எனக்கு இந்த வாரம் சிறுநீரில் நுரை குறைந்திருக்கிறது. அம்மா அப்பா சுகம். இது என் செய்தி. இனி உன் செய்தி.

நீ எழுதியது கடிதமா, வானிலை அறிக்கையா? ஏப்ரலில் இரண்டு பக்கம் எழுதி, சாக்கோ பை, கடவுள் என்று சிரிக்கவைத்தவன், அக்டோபரில் ஒன்பது மாதமாகப் பார்க்காத வீட்டுக்கு வரும் விடுப்பைத் தானம் செய்கிறான். மே மாதம் நான் உனக்கு எழுதியதும் இப்படித்தான் இருந்தது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு வேறு எதையும் எழுதாமல் விடுவதில் நான் உனக்கு மூத்தவள்.

ஜூனில் எழுதிய நாலு வரியை மென்றுகொண்டிருக்கிறாயா? அப்படியானால் நிறுத்து. மாத்திரையைத் துப்பியது நான்.

ஒன்பது கேள்விகளையும் இந்தத் தாளின் பின்பக்கம் என் கையால் எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா என்று பியொன் டீச்சரிடம் கேட்டேன். "அனுப்பு. ஆனா தாளோட நிறுத்திடாதே. அங்க யார்கிட்டயாவது காட்டச் சொல்லு, நீ தனியாத் தூக்காதே" என்றார். உங்கள் முகாமுக்கும் ஓர் ஆலோசகர் வருவார் என்று விசாரித்துச் சொன்னார். குறி. குறித்ததை அங்கே ஒருவரிடம் காட்டு. எனக்குக் காட்ட வேண்டாம்.

நவம்பர் பதினைந்துக்குள் பதில் வராவிட்டால் உன் அதிகாரிக்கு நானே தொலைபேசுவேன். எண் வாங்கிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

நாரே


யாங்கு
நவம்பர் 10, 2013

என் தங்கை நாரேவுக்கு,

ஐந்து நாள் மிச்சமிருக்கிறது. தொலைபேசாதே, குறித்துவிட்டேன்.

கோபம் வந்தது. தாளைக் கால்சட்டைப் பையில் பத்து நாள் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் பந்து விளையாடப் போனபோது சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினேன். எட்டு வரை எப்படியோ வந்தேன். ஒன்பதுக்கு 'ஒருநாளும் இல்லை' என்று குறித்தேன். அது உன் கையெழுத்து, நாரே. அச்சடித்த தாளாக இருந்திருந்தால் அப்படியே மடித்து வைத்திருப்பேன். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பொய்யை வைக்க முடியவில்லை. அடித்துவிட்டு வேறு இடத்தில் குறித்தேன்.

பெரிதாகக் காரணம் எதுவும் இல்லை. யாரும் என்னை அடிக்கவில்லை. அதனாலேயே சொல்ல வெட்கமாக இருந்தது. ஜூலையிலிருந்து தூக்கம் போயிற்று, பிறகு பசி போயிற்று. செப்டம்பரில் உன் கடிதம் வந்தபிறகு, நீ அங்கே செத்துக்கொண்டிருந்தபோது உன் கன்னத்தைப் பாராட்டிய கடிதம் என்னுடையது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் விடுப்பைக் கொடுத்தேன். கல்யாணம் என்று எழுதியது பொய்.

திங்கட்கிழமை எங்கள் சார்ஜென்டிடம் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

"இது யார் எழுதுன கேள்வி?"

"என் தங்கச்சி சார். பதினாறு வயசு. லூபஸ் நோயாளி."

"நீ காட்டுன மொத ஆள் நானா?"

"ஆமா சார்."

"உக்காரு. தண்ணி குடி" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அன்றே என்னைத் துப்பாக்கி எடுக்கும் காவல் வேலையிலிருந்து மாற்றிச் சமையலறைக்கு அனுப்பினார். வியாழன்தோறும் ஆலோசகர் வருகிறார். மனநல டாக்டரிடமும் அழைத்துப் போனார்கள். எனக்கும் இப்போது ஒரு மாத்திரை இருக்கிறது. காலையில் அதை விழுங்கும்போது நீயும் அங்கே விழுங்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். அறுநூறு முட்டைக்கோஸ். உப்பில் கை வெந்துபோகிறது. நேற்று என்னை அறியாமல் இரண்டு கிண்ணம் சோறு தின்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இருநூறு பேருக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியும். நீ செய்ததைச் செய்யத் தெரிந்த ஒருவனை நான் இங்கே பார்க்கவில்லை.

தோக்யோம்


தொங்யோங்
நவம்பர் 24, 2013

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு டீச்சரிடம் சொன்னேன், பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். அறுநூறு முட்டைக்கோஸா? உடம்புக்கு நல்லது, நறுக்கு.

அம்மாவிடம் சொல்லட்டுமா என்று தொலைபேசியில் கேட்டபோது, "நீயே சொல்லு, எனக்கு வாய் வராது" என்றாயே. சொல்லிவிட்டேன். கையிலிருந்த சிப்பிக் கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேருமா?" என்றாள். மறுநாள் பட்டறைக்குப் போய் அப்பாவையும் கையோடு கூட்டிவந்தாள். டிசம்பர் ஏழாம் தேதி நாங்கள் மூவரும் வருகிறோம். ஏழு மணி நேரப் பஸ். என் டாக்டர் சரி என்றுவிட்டார்.

சவரம் செய்துகொள்.

நாரே


யாங்கு
டிசம்பர் 18, 2013

அன்பு நாரேவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் மூட்டெல்லாம் வீங்கியதாக அம்மா சொன்னாள். இப்போது இறங்கிவிட்டதா? எனக்குத் தூக்கம் ஐந்து மணி நேரமாகியிருக்கிறது. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

நீ போனபிறகு முகாமில் உன் பேச்சாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டில்காரன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். "படத்துல வேற மாதிரி இருந்தீங்களே" என்று அவன் அசட்டுத்தனமாகக் கேட்டபோது எனக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. நீ தொப்பியைக் கழற்றிவிட்டு, "அந்தப் படத்துல எனக்குக் கிட்னி கெட்டுக்கிட்டு இருந்துச்சு. இது மருந்து சாப்பிடற மூஞ்சி" என்றாய். பாவம், அவன் எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டான். சார்ஜென்ட் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் உன்னை மூன்று முறை சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் யாரையும் ஒரு முறைகூடக் கேட்பதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது சாப்பாட்டு மேசையைப் பற்றி. அம்மா கிம்பாப் சோற்றுச் சுருளையும் கணவாயையும் பிரித்து வைத்துக்கொண்டே சிப்பி விலை, பஸ் கூட்டம் என்று பேசிக்கொண்டிருந்தாள். அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே அந்த மதியத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ மென்றதை விழுங்கிவிட்டு, கிம்ச்சியைத் தள்ளச் சொல்கிற குரலில் கேட்டாய்:

"அண்ணா, இப்பவும் செத்துடலாம்னு தோணுதா?"

அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். டீச்சர் உனக்குக் கொடுத்த ஏழு நிமிடத்தை நீ எனக்குக் கொடுக்கத் தயாராக இருந்தாய் என்று தெரிந்தது. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

"போன மாசம் தோணுச்சு. இன்னிக்கு இல்ல" என்றேன்.

அம்மா ஒரு துண்டு கணவாயை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள். "நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்குத் தெரியலம்மா."

"சரி. நாளைக்கு ஃபோன் பண்ணு. கேக்கறேன்."

இது உனக்குத் தெரிந்த கதை. அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அம்மா சொல்லியிருக்க மாட்டாள். பதினொரு நாளாகத் தினமும் மாலையில் கூப்பிடுகிறேன். முதல் இரண்டு நாள் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றி, குளிரைப் பற்றிக் கேட்டு, வைக்கப்போகும்போது அவசரமாகக் கேட்டாள். நேற்று எடுத்ததும், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் அதைத்தான் கேட்டாள். அழாமல் கேட்டாள். இல்லம்மா என்றேன். "அப்பா பக்கத்துல இருக்காரு, அவரும் கேக்கணுமாம்" என்று கொடுத்தாள்.

அப்பா வெகுநேரம் மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். பின்னால் வரிசை நீண்டது, ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கேட்டுவிட்டார்.

எல்லோருக்கும் என் அன்பு.

உன் அண்ணன்
தோக்யோம்